கத்தரிக்காய் நிகோடினும் புகையிலை நிகோடினும்

கேள்வி இதுதான்: "கத்தரிக்காய், தக்காளியிலும் நிகோடின் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா? அடுத்த மாதம் இன்சூரன்ஸுக்காக ரத்தப் பரிசோதனை. நான் புகைப்பதில்லை, ஆனால் எங்கள் வீட்டில் வாரத்தில் பாதி நாள் கத்தரிக்காய்தான். பரிசோதனையில் மாட்டுவேனா? அப்புறம், காய்கறியிலேயே இருக்கிற பொருள் என்றால் புகையிலையை மட்டும் ஏன் திட்டுகிறோம்?"

இருக்கிறது, உண்மைதான். பரிசோதனையில் மாட்ட மாட்டீர்கள். மூன்றாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டும். அதற்கு முன்னால் அந்த வாட்ஸ்அப் செய்தியின் கணக்கை முடித்துவிடுவோம்.

அதன் மூலம் 1993இல் அமெரிக்காவின் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த ஒரு சின்னக் கடிதம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் டொமினோ என்ற மருந்தியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் கடைக் காய்கறிகளில் நிகோடினை அளந்து எழுதியிருந்தார்கள். அந்தப் பட்டியலில் கத்தரிக்காய்தான் முதலிடம்: ஒரு கிராமுக்கு 100 நானோகிராம். பழுத்த தக்காளியிலும் உருளைக்கிழங்கிலும் அதைவிட மிகக் குறைவு. கொஞ்சம் சிகரெட் புகை உள்ள அறையில் சில மணி நேரம் உட்கார்ந்தால் உடலில் சேரும் நிகோடின் பத்து கிராம் கத்தரிக்காயிலேயே இருக்கிறது என்று ஒரு ஒப்பீடும் செய்திருந்தார்கள். முப்பது வருடமாகச் சுற்றி வருவது அந்த ஒரு வரிதான். வரி பொய்யில்லை. ஆனால் அதில் சொன்ன அறையில் இருக்கும் நிகோடினே சொற்பம் என்பதை யாரும் சேர்த்து ஃபார்வர்டு செய்வதில்லை.

கணக்கைப் பாருங்கள். சிகரெட்டுக்குப் போகும் உலர்ந்த புகையிலையில் 2 சதவீதம் நிகோடின் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கிராம் இலைக்கு 20 மில்லிகிராம், அதாவது 2 கோடி நானோகிராம். கத்தரிக்காயில் 100. இரண்டு லட்சம் மடங்கு வித்தியாசம். ஒன்று உலர்ந்த இலை, மற்றது தண்ணீர் நிறைந்த காய் என்று வாதாடலாம்; தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் வித்தியாசம் பதினைந்தாயிரம் மடங்கு போல இருக்கும். ஒரு சிகரெட் பிடித்தால் உடலுக்குள் போவது சுமாராக ஒரு மில்லிகிராம். அதைக் கத்தரிக்காயில் எடுக்க வேண்டுமென்றால் பத்துக் கிலோ சாப்பிட வேண்டும். அதுவும் டொமினோ சொன்ன 100ஐ அப்படியே ஒப்புக்கொண்டால். 1999இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் இதையே இன்னும் கவனமாக அளந்தபோது, கத்தரிக் குடும்பக் காய்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மனிதர் ஒரு நாளில் சாப்பிடும் நிகோடின் சராசரியாக 1.4 மைக்ரோகிராம்தான் என்று வந்தது. ஒரு சிகரெட்டின் எழுநூறில் ஒரு பங்கு.

இப்போது உங்கள் பரிசோதனை. லேபில் பெரும்பாலும் நிகோடினைத் தேட மாட்டார்கள். இரண்டு மணி நேரத்திலேயே ரத்தத்தில் அது பாதியாகக் குறைந்துவிடும். கல்லீரல் அதை உடைத்து உண்டாக்கும் கோட்டினின் என்ற பொருளைத்தான் தேடுவார்கள். அது பாதியாகக் குறையவே 16 மணி நேரம் போல ஆகும். தினமும் புகைப்பவரின் ரத்தத்தில் ஒரு மில்லிக்கு 100 முதல் 300 நானோகிராம் கோட்டினின் இருப்பது சகஜம். புகைப்பவரையும் புகைக்காதவரையும் பிரிக்கும் கோடு சுமார் 10 நானோகிராமில் இருந்தது. சில ஆய்வாளர்கள் அதை 3 வரைக்கும் இறக்கச் சொல்கிறார்கள். நீங்கள் தினமும் கால் கிலோ கத்தரிக்காய் சாப்பிட்டு, அதில் டொமினோ சொன்ன அளவு நிகோடின் இருந்து, அத்தனையும் உடலில் சேர்ந்தாலும், என் கணக்குப்படி உங்கள் ரத்தத்தில் கோட்டினின் ஒரு நானோகிராமை எட்டாது. எண்ணெய்க் கத்தரிக்காயைத் தாராளமாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

மாட்டிவிடக்கூடிய பொருட்கள் வேறு. வெற்றிலையோடு போடும் புகையிலை, மூக்குப்பொடி (அதைப் பல்லில் தேய்க்கும் பாட்டிகளையும் சேர்த்து), ஜர்தா கலந்த பீடா, சிகரெட்டை விடுவதற்காக மெல்லும் நிகோடின் கம் எல்லாமே கோட்டினினைக் காட்டும். கம் மெல்பவராக இருந்தால் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். எங்கிருந்து வந்தது என்பதைக் கோட்டினின் சொல்லாது.

சரி, ஒரே குடும்பத்துச் செடிகள்தானே, புகையிலையில் மட்டும் ஏன் இவ்வளவு?

கத்தரி, தக்காளி, மிளகாய், உருளை, சுண்டைக்காய், மணத்தக்காளி, ஊமத்தை, புகையிலை எல்லாம் ஒரே குடும்பம். பூச்சியையும் ஆடுமாடுகளையும் விரட்ட ஒவ்வொன்றும் ஒரு கசப்பையோ காரத்தையோ விஷத்தையோ தயாரித்துக்கொண்டது. உருளை பச்சை நிறமானால் சோலனின், மிளகாயில் கேப்சைசின், ஊமத்தையில் அட்ரோபினும் ஸ்கோபோலமினும். புகையிலை இனம் நிகோடினைப் பிடித்துக்கொண்டது. அந்த இனத்தில் எழுபதுக்கு மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. உலகம் முழுக்கப் பயிராவது பெரும்பாலும் நிகோடியானா டபாகம் என்ற ஒன்றுதான். வட இந்தியாவிலும் வங்கத்திலும் ஹூக்காவுக்கும் மெல்லவும் பயிரிடுவது நிகோடியானா ரஸ்டிகா. அதில் நிகோடின் இன்னும் காட்டமாக இருக்கும்.

இலையில்தான் நிகோடின் இருக்கிறது, ஆனால் இலை அதைத் தயாரிப்பதில்லை. தயாரிப்பது வேர். இதை நிரூபித்த விதம் எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனைகளில் ஒன்று. 1940களின் தொடக்கத்தில் ரே டாசன் என்ற அமெரிக்கர் புகையிலையையும் தக்காளியையும் ஒட்டுக் கட்டினார். கத்தரிக் குடும்பத்துக்குள் ஒட்டு நன்றாகவே பிடிக்கும். இன்று சுண்டை வேரில் கத்தரியை ஒட்டுக் கட்டும் விவசாயிகள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். டாசன் தக்காளி வேரின் மேல் புகையிலைத் தண்டை வைத்தார். செடி வளர்ந்தது, பார்வைக்கு அச்சு அசல் புகையிலை, இலையில் நிகோடின் கிட்டத்தட்ட இல்லை. மாற்றிப் புகையிலை வேரின் மேல் தக்காளியை வைத்தார். தக்காளி இலையில் நிகோடின் குவிந்தது. வேர் தயாரிக்கிறது; தண்ணீர் மேலே ஏறும் அதே குழாய்களில் நிகோடினும் ஏறி இலையின் செல்களில் தங்குகிறது.

இலையைப் புழு கடித்தாலோ, கையால் கிழித்தாலோ, இலையிலிருந்து வேருக்குத் தகவல் போகிறது. அந்தத் தகவலில் முக்கியப் பங்கு ஜாஸ்மோனிக் அமிலத்துக்கு. ஜாதிமல்லித் தைலத்தின் வாசனையில் உள்ள பொருளுக்கு இது நெருங்கிய உறவு, பெயரும் அப்படி வந்ததுதான். தகவல் கிடைத்ததும் வேர் நிகோடின் உற்பத்தியைக் கூட்டிவிடும். அடுத்தடுத்த நாட்களில் இலையில் நிகோடின் பல மடங்கு ஏறும்.

புகையிலை விவசாயி இந்த வேதியியலைப் படிக்காமலேயே காலம் காலமாகப் பயன்படுத்தி வருகிறார். செடி பூக்க ஆரம்பித்ததும் தேவையான இலைகளை மட்டும் விட்டுவிட்டு நுனியைக் கிள்ளிவிடுவார்கள். பிறகு பக்கத்தில் வரும் சிம்புகளையும் விடாமல் ஒடிக்க வேண்டும். பூவுக்கும் விதைக்கும் போக வேண்டிய சத்து இலைக்குத் திரும்பும், இலை தடிக்கும். கூடவே, நுனி போன காயமே வேரை உசுப்பி நிகோடினை ஏற்றும். தழைச்சத்து உரம் கூடினால் அதுவும் நிகோடினைக் கூட்டும், ஏனென்றால் நிகோடின் மூலக்கூறிலேயே இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இருக்கின்றன. திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூரில் 1948இல் ஒரு மத்திய புகையிலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். அந்தப் பக்கத்து மெல்லும் புகையிலைக்கு உப்புக் கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். குளோரைடு ஏறிய இலை சரியாக எரியாது, சிகரெட்டுக்கு உதவாது. வாயில் போட்டு மெல்லும் இலைக்கு அது குறையே இல்லை.

நுனி கிள்ளிவிட்டு வருபவர்களின் கையைப் பார்த்திருக்கிறீர்களா? விரல்களில் தார் பூசியது போலக் கறுப்புப் பிசின் ஏறியிருக்கும். சோப்புக்கு லேசில் போகாது. கழுவாமல் சோற்றில் கை வைத்தால் முதல் கவளமே கசக்கும். இலையின் மேல் உள்ள பிசின் மயிர்களிலிருந்து வருவது அது. பனி விழுந்த காலையிலோ மழை பெய்த பிறகோ இலை பறித்தால் ஈரத்தில் நிகோடின் கரைந்து தோல் வழியாக உள்ளே போகும். தலைசுற்றல், குமட்டல், வாந்தி, தலைவலி எல்லாம் வரும். இதற்குப் பச்சைப் புகையிலை நோய் என்று பெயர். 1970இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் முதலில் மருத்துவ இதழில் எழுதினார்கள். குஜராத்தின் புகையிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் நம் நாட்டு ஆய்வாளர்கள் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். வாழ்நாளில் ஒரு பீடிகூடப் பிடிக்காத பெண்ணுக்கும் சிறுவனுக்கும் வரும் நிகோடின் நஞ்சு இது. புகைத்துப் பழகியவர்களைவிட இவர்களையே அதிகமாகத் தாக்கும்.

விதையில் நிகோடின் கிடையாது என்பது பலருக்கு ஆச்சரியம். ஒரு கிராமில் பத்தாயிரத்துக்கும் மேல் விதைகள் இருக்கும், அவ்வளவு பொடிசு. ஆந்திராவில் அதிலிருந்து எண்ணெய்கூட எடுக்கிறார்கள்.

தக்காளிக்கும் கத்தரிக்கும் அப்படியானால் அந்தத் துளி நிகோடின் சுவடு எப்படி வந்தது? நிகோடின் மூலக்கூறு இரண்டு வளையங்கள் சேர்ந்தது. ஒரு வளையம் எல்லா உயிர்களும் செல்லுக்குள் பயன்படுத்தும் என்.ஏ.டி. என்ற பொருளின் பாதையிலிருந்து வருகிறது. இன்னொன்று பாலியமின் என்ற, அதே அளவு சாதாரணமான பாதையிலிருந்து வருகிறது. 2017இல் காட்டுப் புகையிலையின் மரபணுத் தொகுதியைப் படித்தவர்கள் கண்டது என்னவென்றால், இந்த இரண்டு பாதைகளின் மரபணுக்களும் புகையிலையின் மூதாதையரிடம் இரட்டித்து, அந்த நகல்கள் வேரில் நிகோடினுக்கென்றே வேலை செய்யும்படி மாறியிருக்கின்றன. கத்தரியிடமும் தக்காளியிடமும் பழைய பாதைகள் உண்டு, அந்தத் தனித் தொழிற்சாலை இல்லை.

தொழிற்சாலை கட்டியதில் புகையிலைக்கு என்ன லாபம்? பூச்சியின் நரம்பும் நம் நரம்பும் அசிட்டைல்கோலின் என்ற தூதுப் பொருளை நம்பி இயங்குகின்றன. நிகோடின் அதன் இடத்தில் போய் உட்கார்ந்து, நரம்பை ஓயாமல் தூண்டி, கடைசியில் முடக்கிவிடும். அசுவினி போன்ற பூச்சிகள் நடுங்கிச் சாகும். ஆனாலும் எந்த விஷத்துக்கும் ஒரு தின்னி உண்டு. அமெரிக்காவின் கொம்புப் புழு புகையிலையையே தின்று கொழுக்கிறது. தின்ற நிகோடினில் பெரும்பகுதியை உடனே வெளியேற்றிவிடும். ஒரு பகுதியை மட்டும் உடலில் வைத்திருந்து, மூச்சுத் துளைகள் வழியாக வெளியே விடும். ஓநாய்ச் சிலந்தி அந்த நாற்றம் பிடிக்காமல் புழுவை விட்டுவிட்டுப் போய்விடுகிறது என்று 2014இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் ஊரில் புகையிலையைத் தின்பது புகையிலை வெட்டுப்புழு. பெயரில்தான் புகையிலை; நிலக்கடலை, பருத்தி, ஆமணக்கு எதையும் விடாது.

பூவிலும் கொஞ்சம் நிகோடின் வைத்திருக்கிறது இந்தச் செடி. அமெரிக்க மேற்குப் பாலைநிலத்தின் காட்டுப் புகையிலையில் தேனுக்குள்ளேயே நிகோடின் உண்டு. ரீங்காரச் சிட்டும் அந்துப்பூச்சியும் ஒரே பூவில் வயிறு நிறையக் குடிக்க முடியாமல் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு அடுத்த பூவுக்குப் போகின்றன. மகரந்தம் பல பூக்களுக்குப் போய்ச் சேருகிறது. நிகோடின் உண்டாகாதபடி மரபணுவை அடக்கிய செடிகளோடு ஒப்பிட்டுத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள்.

புகையிலை இனத்துக்கு வெளியே நிகோடினைத் தாராளமாகச் சேர்க்கும் செடி என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் பிட்டுரியைச் சொல்வேன். மத்திய ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் வளரும் டுபோய்சியா ஹாப்வுடி என்ற புதர் அது. அதுவும் கத்தரிக் குடும்பம்தான். அங்கே உள்ள பூர்வகுடிகள் அதன் இலையைப் பறித்துக் காயவைத்து, குறிப்பிட்ட மரங்களை, பெரும்பாலும் அகேசியா வகைகளை, எரித்த சாம்பலோடு பிசைந்து உருட்டி மெல்வார்கள். பசியும் களைப்பும் தெரியாமல் நெடுந்தூரம் நடக்க உதவும் என்பதால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரத்துக்குப் பண்டமாற்றாகப் போயிருக்கிறது. கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்கே கடக்கப் புறப்பட்ட பர்க், வில்ஸ் குழு 1861இல் கூப்பர் ஓடைக்கரையில் பட்டினியில் தவித்தபோது பூர்வகுடிகள் இதைக் கொடுத்தார்கள். வில்ஸ் அதன் போதையைத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அதே நிலத்தில் காட்டுப் புகையிலை வகைகளும் உண்டு, அவற்றையும் இப்படியே மெல்கிறார்கள். ஐரோப்பியக் கப்பல் வந்து புகையிலையைக் கற்றுக்கொடுக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை.

அந்தச் சாம்பல் சும்மா சேர்ப்பதில்லை. நிகோடின் ஒரு காரம் (மிளகாயின் காரம் இல்லை; சுண்ணாம்பு போல அமிலத்துக்கு எதிரான பொருள்). அமிலச் சூழலில் அது உப்பாக மாறி, மின்னேற்றத்தோடு இருக்கும். வாயின் உள்தோலை அந்த வடிவத்தில் கடக்க முடியாது. சூழல் காரமாக மாறினால் விடுதலையாகி உடனே உள்ளே போகும். அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் பி.எச். எண் (7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 6 என்றால் நூற்றில் ஒரு பங்கு நிகோடின்தான் விடுதலையாக இருக்கும், 8 என்றால் பாதி, 9 என்றால் பத்தில் ஒன்பது பங்கு. ஆஸ்திரேலியாவில் சாம்பல் செய்யும் வேலையை நம் திண்ணையில் சுண்ணாம்பு செய்கிறது. வெற்றிலை, பாக்கு, புகையிலையோடு சுண்ணாம்பு கொஞ்சம் தூக்கலானால் "சுருக்"கென்று ஏறுகிறது என்று போடுகிறவர் சொல்வது முழுக்க முழுக்க வேதியியல். வட இந்தியாவில் உள்ளங்கையில் சுண்ணாம்பு போட்டுக் கைனி கசக்குவதும் இதற்குத்தான். நிகோடின் கம் தயாரிக்கும் மருந்து கம்பெனியும் அதே காரணத்துக்காகக் கொஞ்சம் காரப் பொருளைச் சேர்க்கிறது. கம்மை மென்றுகொண்டே காபி, ஜூஸ் குடிக்காதீர்கள் என்று அட்டையில் போட்டிருப்பதும் இதே கதை: அமிலம் பட்டால் நிகோடின் பூட்டிக்கொள்ளும்.

சுருட்டுக்கும் சிகரெட்டுக்கும் உள்ள வித்தியாசத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். சிகரெட்டுக்கான வெர்ஜீனியா இலையை ஆந்திராவிலும் மைசூர்ப் பக்கமும் சூளைக் கொட்டகையில் வெப்பக் காற்றில் பதப்படுத்துகிறார்கள். அதில் சர்க்கரை தங்கிவிடும், புகை அமிலமாக வரும். வாயில் வைத்திருந்தால் ஒன்றும் ஏறாது. நுரையீரல் வரை இழுத்தே ஆக வேண்டும். திண்டுக்கல், திருச்சிச் சுருட்டு இலையில் சர்க்கரை மிச்சமில்லை, புகை காரமானது. தொண்டையைப் பிடிக்கும், இழுக்க முடியாது, ஆனால் வாயிலிருந்தே நிகோடின் ஏறிவிடும். சிகரெட் இத்தனை பேரைப் பிடித்து வைத்திருப்பதற்கு அந்த இதமான புகை பெரிய காரணம். நுரையீரலின் பரப்பு மிகப் பெரியது. இழுத்த பத்து, இருபது வினாடிகளில் நிகோடின் மூளைக்குப் போய்விடும். கத்தரிக்காயின் சுவடு வயிற்றுக்குப் போய், குடலில் மெதுவாக உறிஞ்சப்பட்டு, முதலில் கல்லீரலைச் சந்திக்கிறது. பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடும். மூளைக்கு விஷயமே தெரியாது. அடிமைத்தனம் என்பது அளவும் வேகமும் சேர்ந்து உண்டாக்குவது.

மற்றச் செடிகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கத்தரிக் குடும்பத்துக்குச் சம்பந்தமே இல்லாத குதிரைவால் செடி, அமெரிக்காவின் மில்க்வீட் என்ற களைச் செடி, கோகெயின் எடுக்கும் கோகா போன்றவற்றில் சுவடு இருப்பதாகப் பட்டியல்கள் உண்டு. இவற்றை அப்படியே நம்புவதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது, காரணம் காளான். 2009இல் ஐரோப்பாவில் உலர்ந்த காட்டுக் காளான்களில், குறிப்பாகச் சீனாவிலிருந்து வந்தவற்றில், எதிர்பாராத அளவு நிகோடின் தெரிந்தது. அவசரமாகத் தற்காலிக வரம்பு விதிக்க வேண்டியதாயிற்று. தேயிலையிலும் இதே புதிர். செடியே தயாரிக்கிறதா, பூச்சிமருந்தா, பறித்தவர் கையா? பிறகு ஜெர்மனியின் டிர்க் செல்மர் குழு ஒரு எளிய சோதனை செய்தது: புதினாத் தொட்டி மண்ணில் புகையிலையைப் போட்டார்கள், புகையும் காட்டினார்கள். இரண்டு வழியிலும் புதினா இலைக்குள் நிகோடின் வந்து சேர்ந்தது. மண்ணில் கிடக்கும் சிகரெட் துண்டிலிருந்துகூட வேர் உறிஞ்சிக்கொள்ளும். எனவே ஒரு செடியில் நிகோடின் "இருக்கிறது" என்பதும், அந்தச் செடி அதைத் "தயாரிக்கிறது" என்பதும் ஒன்றில்லை. மாடித் தோட்டத்துத் தொட்டியைச் சாம்பல் கிண்ணமாகப் பயன்படுத்தும் உறவினர் இருந்தால் இதைக் காட்டுங்கள்.

மாத்திரை அட்டையில் நிகோடினமைடு, நிகோடினிக் அமிலம் என்று பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கும் ஒரு வரி. அது பி3 வைட்டமின். 19ஆம் நூற்றாண்டில் நிகோடினை ஆக்ஸிகரணம் செய்து முதலில் தயாரித்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. போதையும் இல்லை, கோட்டினினும் காட்டாது.

இனி "ஏன் திட்டுகிறோம்" என்ற கேள்வி. நிகோடின் நல்ல பிள்ளை என்று நான் சொல்லவில்லை. 1828இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் போசெல்ட், ரைமன் என்ற இருவர் முதன்முதலில் அதைத் தூய்மையாகப் பிரித்தார்கள். நிறமில்லாத எண்ணெய் போன்ற திரவம், காற்றுப் பட்டால் பழுப்பாகும். அடுத்த இருபத்திரண்டாவது வருடமே அது ஒரு கொலையில் பயன்பட்டது. பெல்ஜியத்தில் போகார்மே என்ற பிரபு, சொத்துக்காகத் தன் மைத்துனருக்கு 1850இல் நிகோடினைக் கட்டாயமாகப் புகட்டிக் கொன்றார். செடியிலிருந்து எடுத்த நஞ்சை உடலுக்குள் கண்டுபிடிக்க அதுவரை யாருக்கும் வழி தெரியாது. ழான் ஸ்டாஸ் என்ற வேதியியலாளர் இறந்தவரின் உள்ளுறுப்புகளை ஆல்கஹாலிலும் ஈதரிலும் படிப்படியாகப் பிரித்து, நிகோடினைக் கையில் எடுத்துக் காட்டினார். பிரபுவுக்கு 1851இல் கில்லட்டின். ஸ்டாஸின் அந்த முறைதான் திருத்தங்களோடு பல தலைமுறைகளுக்குத் தடயவியல் கூடங்களில் நடந்தது.

60 மில்லிகிராம் நிகோடின் ஆளைக் கொல்லும் என்று பாடப்புத்தகங்களில் படித்திருப்பீர்கள். அந்த எண் 19ஆம் நூற்றாண்டின் சந்தேகத்துக்குரிய சுயபரிசோதனைகளிலிருந்து வந்தது. ஆஸ்திரியாவின் பெர்ன்ட் மேயர் 2014இல் வந்த ஒரு கட்டுரையில், நிகோடினால் இறந்தவர்களின் ரத்த அளவுகளைத் திரும்பக் கணக்கிட்டு, உயிருக்கு ஆபத்தான அளவு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்க வேண்டும் என்று காட்டினார். அதற்காகக் குழந்தை கையில் சிகரெட்டோ மூக்குப்பொடி டப்பாவோ கிடைக்கும்படி வைத்துவிடாதீர்கள்; சின்ன உடலுக்குச் சின்ன அளவே போதும்.

நிகோடின் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும், கருவில் இருக்கும் குழந்தைக்குக் கெடுதல் செய்யும், வளரும் மூளையைப் பழக்கத்துக்கு இழுக்கும். ஆனால் புற்றுநோய்க்கு முக்கியக் குற்றவாளி அதன் கூட்டாளிகள். புகையில் தார் வருகிறது. புகையே இல்லாத மெல்லும் புகையிலையில், இலையை உலர்த்திப் புளிக்க வைக்கும்போது நிகோடினும் அதன் உறவான நார்நிகோடினும் மாறி நைட்ரோசமின்கள் உண்டாகின்றன. அவற்றில் என்.என்.என்., என்.என்.கே. இரண்டையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. புகைக்காமல் கன்னத்தில் அடக்கி வைப்பது மட்டும் செய்கிறவருக்கும் வாய்ப்புற்று வருவது இதனால்தான். கத்தரிக்காயில் அந்தக் கூட்டாளிகளும் கிடையாது, திரும்பத் திரும்பக் கேட்க வைக்கும் அளவு நிகோடினும் கிடையாது. ஆளை அந்தக் கூட்டாளிகளிடம் தினமும் இழுத்து வருவதுதான் நிகோடினின் பெரிய குற்றம்.

கடைசியாக, கத்தரிக்காயில் உண்மையிலேயே கவனிக்க வேண்டிய நிகோடின் ஒன்று இருக்கிறது, நாமே தெளிப்பது. அசுவினிக்கும் இலைப்பேனுக்கும் புகையிலைக் கரைசல் பழைய மருந்து. இயற்கை விவசாயத்தில் பிரபலமான அக்னி அஸ்திரத்திலும் வேப்பிலை, பச்சைமிளகாய், பூண்டு, மாட்டுக் கோமியத்தோடு புகையிலையும் சேர்கிறது. இயற்கை என்பதால் சாதுவான மருந்து என்று நினைக்க வேண்டாம். தேனீக்கும் நமக்கும் அது நிகோடின்தான். அமெரிக்காவின் இயற்கை விவசாயச் சான்றிதழ் விதிகளில் நிகோடின் கலந்த புகையிலைத் தூளுக்கு அனுமதியே இல்லை. இமிடாகுளோப்ரிட் போன்ற நியோநிகோடினாய்டு மருந்துகளும் நரம்பில் நிகோடின் போய் உட்காரும் அதே இடத்தைக் குறிவைப்பவை. எதைத் தெளித்தாலும் கையுறை போடுங்கள், காற்றுக்கு எதிரே நின்று தெளிக்காதீர்கள், தெளித்த மறுநாளே காய் பறிக்காதீர்கள், பறித்ததை நன்றாகக் கழுவுங்கள். பூ நிறைந்திருக்கும் நேரத்தில் காலையில் தெளிப்பதைத் தவிர்த்துவிடுங்கள்.

தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுகளுக்குப் புகையிலையிடமிருந்து வரும் இன்னொரு ஆபத்து, நிகோடினுக்குத் தொடர்பில்லாதது. புகையிலைத் தேமல் வைரஸ் உலர்ந்த இலையிலும் பல வருடம் உயிர்ப்போடு இருக்கும். சிகரெட்டையோ பீடியையோ தொட்ட விரலால் நாற்றைக் கிள்ளினால் வைரஸ் அந்தக் காயம் வழியாக உள்ளே போய்விடும். இலை வெளிறித் திட்டுத்திட்டாகிச் சுருண்டுகொள்ளும், அதற்கு மருந்து கிடையாது. நாற்றங்காலில் வேலை செய்பவர் புகைப்பவராக இருந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு உள்ளே வரச் சொல்லுங்கள்.